பினாங்கின் காது: அன்றும் இன்றும்

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில், பினாங்கு ஸ்திரீட்டில் இருக்கும் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 1894-இல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்த ரதம் அது. முன்னால் நாதசுவரமும் தவிலும் போகும். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலிலிருந்து 2017 முதல் தங்க ரதமும் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குக் கிளம்புகிறது. வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். ஒவ்வொரு பந்தலிலும் ஆளுயர ஒலிபெருக்கி. ஒன்றில் சீர்காழி கோவிந்தராஜன், அடுத்ததில் எல்.ஆர். ஈஸ்வரி, அதற்கடுத்ததில் கணினித் தாளம் சேர்த்த புதுப் பாட்டு. நடுவே காவடிக்கு முன்னால் உறுமி மேளம். சாலையோரம் சீனர்கள் மலையாகக் குவித்து வைத்த தேங்காய்கள் சிதறும் ஓசை.

பத்தடி நடந்தால் இசை மாறிவிடும். பிடித்ததோ பிடிக்காததோ, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் மலையடிவாரம் போய்ச் சேர வேண்டும். ஆண்டுக்கொரு முறை நமக்குக் கிடைக்கும் இந்த அனுபவம், ஒரு காலத்தில் இந்த ஊர்க்காரர்களுக்கு அன்றாட வாழ்க்கையாக இருந்தது. பல இசை கேட்கும் காது அன்று ஊராலேயே வளர்ந்தது. இன்று அதை நாமேதான் வளர்த்துக்கொள்ள வேண்டும். இடையில் நடந்தது என்ன, கைவிட்டுப் போனது எது, கைக்கு வந்தது எது என்று பார்ப்போம்.

தெருவே பாட்டு வாத்தியார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்தன. பாட்டும் ஆட்டமும் ராஜா ராணிக் கதையுமாக அவர்கள் நடத்திய நாடகங்களைப் பார்த்து, உள்ளூரில் மலாய் மொழியில் அதே பாணி எழுந்தது. அதுதான் பங்சாவான். மாமாக் புஷி என்று அழைக்கப்பட்டவர் 1885-இல் பினாங்கில் அமைத்த குழுவை அதன் தொடக்கப்புள்ளியாகச் சொல்வார்கள். மேடையில் அரபுக் கதையும் ஓடும், இந்துஸ்தானிக் கதையும் ஓடும், ஷேக்ஸ்பியர் நாடகமும் ஓடும். வயலினும் ஆர்மோனியமும் தபலாவும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும். காட்சி மாறும் இடைவெளியில் ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்று ஒன்று வரும். நாடகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டு, ஒரு நடனம், ஒரு வித்தை. எந்த நாட்டு மெட்டு புதிதாகக் கப்பலில் வந்திறங்கினாலும் முதலில் ஏறியது அங்கேதான். ராஜா கதை பார்க்க வந்தவர் போகும்போது ஒரு மேற்கத்திய மெட்டையும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

போரியா இன்னும் நெருக்கம். மதராஸ் படைப்பிரிவுச் சிப்பாய்களோடு பினாங்குக்கு வந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படும் கலை இது. முஹர்ரம் மாதத்தில் தெருவுக்கொரு குழு கூடும். முன்பாட்டுக்காரர் புதுப் பாட்டுக் கட்டுவார். பின்னால் வேஷம் கட்டிய கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். நடுவில் ஒரு சிரிப்பு நாடகம். வார்த்தை மலாய். மெட்டு மட்டும் அந்தந்தக் காலத்தில் எது ஊரைக் கலக்குகிறதோ அது. இந்துஸ்தானிப் படப் பாட்டு வந்தால் அது, சம்பா வந்தால் சம்பா, டுவிஸ்ட் வந்தால் டுவிஸ்ட். பக்கத்துத் தெருக் குழுவை ஜெயிக்க வேண்டுமானால் அவர்கள் காதில் விழாத மெட்டைப் பிடித்து வர வேண்டும். அதனால் பாட்டுக் கட்டுகிறவர் ஊரிலுள்ள அத்தனை இசையையும் கேட்டாக வேண்டியிருந்தது. புதிய இசையைத் தேடுவதைத் தெருவின் மானப் பிரச்சினையாகவே ஆக்கிய கலை அது.

பிறகு கேளிக்கைப் பூங்காக்கள் வந்தன. சுவாத்தோ லேனில் நியூ வேர்ல்டு பார்க், இன்னொரு பக்கம் வெம்பிலி பார்க். ஒரே சுற்றுச்சுவருக்குள் ஜோகெட் நடன மேடை, சீன ஆபரா, பங்சாவான், சினிமா, குத்துச்சண்டை. ஒரு கொட்டகையில் இருக்கிறவருக்கு அடுத்த கொட்டகைப் பாட்டு கேட்காமல் இருக்காது.

ஒரு வானொலி, நாலு மொழி

1934-இல் பினாங்கு வயர்லெஸ் சங்கத்தார் இசட்.எச்.ஜே. என்ற வானொலி நிலையத்தைத் தொடங்கினார்கள். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஒரே அலைவரிசையில் முறை வைத்து வந்தன. தமிழ் நேரம் வரும்வரை பெட்டியின் முன் காத்திருந்தவர் காதில், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், குரோஞ்சோங் இசையும் சீனப் பாட்டும் ஆங்கில நடன இசையும் விழுந்தன. ஜப்பானியர் வந்ததோடு அந்தக் காலம் முடிந்தது. 1946-இல் ரேடியோ மலாயா வந்தது. மாதச் சந்தாவுக்குக் கம்பி வழியே பாட்டனுப்பும் ரெடிஃபியூஷன் பெட்டி, வீட்டிலும் காப்பிக் கடையிலும் தொங்கியது. காப்பிக் கடைப் பெட்டியில் எது பாடுகிறதோ அதுதான் அங்கே பசியாற உட்கார்ந்த எல்லாருக்கும்.

இசைத்தட்டும் அப்படியே. 78 சுழற்சித் தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம். ஒரு தட்டு வாங்குவது சாதாரணச் செலவல்ல. அதனால் இரண்டு பக்கத்தையும் தேயத் தேயக் கேட்டார்கள். முதல் தடவை பிடிக்காத பாட்டு இருபதாம் தடவையில் மனசுக்குள் இறங்கிவிடும். ரசனை விரிவதற்கு அவசியமான ஒன்று, திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமை. அந்தக் காலத்தில் பற்றாக்குறையே அந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது.

இன்று தமிழுக்கென்றே மின்னல் எஃப்.எம். இருக்கிறது, ராகா இருக்கிறது. நாள் முழுக்கத் தமிழ். காத்திருக்கத் தேவையில்லை. நம் மொழிக்கு முழு அலைவரிசை கிடைத்தது பெரிய உரிமை. அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அதே நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பாட்டு நம் வீட்டுக்குள் வருவது நின்றது. 2013-இல் ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலி மலேசியாவுக்கு வந்த பிறகு வீட்டுக்குள்ளேயும் ஆளுக்கொரு வானொலி. அப்பா காதில் பழைய பாட்டு, அக்கா காதில் கொரியப் பாட்டு, தம்பி காதில் தமிழ் ராப். ஒரே சோபாவில் மூன்று நாடு. ஒருவர் கேட்பது இன்னொருவருக்குத் தெரியாது.

செயலி வேலை செய்யும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. நாம் எதை முழுக்கக் கேட்டோம், எதைச் சில விநாடியில் தள்ளிவிட்டோம், நம்மைப் போன்ற ரசனை உள்ளவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்று கணக்கு வைத்துத்தான் அது அடுத்த பாட்டை எடுத்துத் தருகிறது. பழக்கமில்லாத இசையைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட்டால், அந்தப் பக்கமே நமக்கு வேண்டாம் என்று அது எழுதிக்கொள்ளும். உலகத்தின் மொத்த இசையும் சட்டைப் பையில் இருந்தும், கேட்பது அதே நாற்பது ஐம்பது பாட்டாகவே சுருங்கிப்போவது இதனால்தான்.

அந்தக் காது பெற்றெடுத்தவர்கள்

பல இசை கேட்ட ஊர் என்ன சாதித்தது என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் ஜாலான் பி. ராம்லிக்குப் போக வேண்டும். மரச்சுவரும் கூரையுமாக ஒரு எளிய கம்பத்து வீடு. இப்போது நினைவில்லம். மலாய்ப் பாடகரும் திரைக் கலைஞருமான பி. ராம்லி 1929 மார்ச் 22 அன்று பிறந்த வீடு அது. அப்பா ஆச்சேயிலிருந்து வந்த மாலுமி. அம்மா அக்கரைப் பட்டர்வொர்த் பக்கத்துக்காரர். வயலின், பியானோ, அக்கார்டியன், சாக்சஃபோன் எல்லாம் அவர் கைக்கு வந்தன. 1948-இல் அவர் பாடியதைக் கேட்டு சிங்கப்பூர் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்திய இயக்குநர். 1950-இல் ‘பக்தி’ படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கியவர், மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். ராம்லியின் பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள்: மலாய் அஸ்லியும் ஜோகெட்டும் ரம்பாவும் சாச்சாவும் இந்துஸ்தானிச் சாயலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் அருகருகே உட்கார்ந்திருக்கும். பாடம் படித்து வந்த கலவை அல்ல அது. பிறந்த ஊரின் காற்றிலேயே அத்தனையும் இருந்தது.

ஐரோப்பிய ஆசியக் குடும்பத்தில் பினாங்கில் பிறந்த ஜிம்மி பாய்ல் இன்னொரு சாட்சி. ஜாஸ் பியானோக்காரர், பள்ளி ஆசிரியர். சுதந்திரத்தைக் கொண்டாடிய மலாய்த் தேசப்பற்றுப் பாட்டுகளுக்கு ஜாஸ் தெரிந்த கைகள் இசை அமைத்தன.

நம்மவர்களுக்கு இன்னும் பெருமை தரும் கதை ஆலிகேட்ஸ். 1960-களின் இறுதியில் பினாங்கில் சேர்ந்த இசைக்குழு. அதன் முகமாக நின்றவர்கள் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற தமிழ் அண்ணன் தம்பிகள். தலை நிறைய சுருள்முடி, காதில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை, நாவில் மலாய். எம். நாசிர் போன்ற மலாய் இசையமைப்பாளர்களின் மெட்டுகளை அவர்கள் பாடியபோது நாடே கூடப் பாடியது. 2007-இல் லோகநாதன் மறைந்தபோது மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பாராமல் வருந்தினார்கள். தமிழர் தமிழில் மட்டுமே பாட வேண்டும், தமிழ் மட்டுமே கேட்க வேண்டும் என்று அந்தப் பையன்களுக்கு யாராவது வேலி போட்டிருந்தால் மலேசியாவுக்கே இழப்பு.

பட்டர்வொர்த்தில் 1950-கள் முதல் 1988 வரை தளம் வைத்திருந்த ஆஸ்திரேலிய விமானப்படையையும் சொல்ல வேண்டும். அவர்களுடைய மன்றங்களிலும் விடுதிகளிலும் வாசிக்க உள்ளூர்க் குழுக்களுக்கு வேலை கிடைத்தது. அந்த வேலைக்காகவே புதுப் புது ஆங்கிலப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் பலர். வயிற்றுப்பாடும் காதை விரித்தது.

அன்றைய கதவுகளும் பூட்டுகளும்

ஆனால் அன்று எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொன்னால் பொய். ஈ அண்ட் ஓ ஹோட்டலின் நடன மண்டபத்தில் வாத்தியம் முழங்கியது. உள்ளே போக எல்லாருக்கும் வழியில்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தமிழருக்கு நியூ வேர்ல்டு பார்க் எட்டாத தூரம். பெண் பிள்ளை இசைக்குழுவில் பாடுவதை வீடு ஏற்காது. கூத்தாடி என்ற ஏச்சு கலைஞர்கள் எல்லாருக்கும் இருந்தது. இசைக்காரனை மருமகனாக ஏற்க மறுக்கும் மாமியாரை வைத்து ராம்லியே 1962-இல் ‘இபு மெர்துவாகு’ எடுத்தார் என்றால், அந்த அவமதிப்பு எவ்வளவு ஊறிப்போனதாக இருந்திருக்கும்!

நமக்குள்ளேயே இன்னொரு பூட்டு இருந்தது. நாதசுவரம் மேல், உறுமியும் தப்பும் கீழ். சன்னிதிக்குப் பக்கத்தில் எது ஒலிக்கலாம், வெளியே எது நிற்க வேண்டும் என்று சாதி தீர்மானித்தது. சீனப் பாட்டையும் மலாய்ப் பாட்டையும் தடையில்லாமல் ரசித்த அதே காது, சொந்தச் சனத்தின் கொட்டுச் சத்தத்தைக் கேட்கக் கூச்சப்பட்டது.

இந்த இடத்தில் இன்றைய தலைமுறை நம்மைவிட உயர்ந்து நிற்கிறது. ஒரு உறுமிக்காரப் பிள்ளையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தோளில் தொங்கும் இடை சிறுத்த மேளம். ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தி இழுக்கிறான். அடிவயிற்றிலிருந்து எழும் உறுமல் நீண்டு, வளைந்து, உயர்ந்து அடங்குகிறது. மறு பக்கத் தோலில் நேர்க்குச்சி தாளத்தை வெட்டிக் கொடுக்கிறது. அழுத்தம் கொஞ்சம் கூடினால் குரல் மாறும். அந்த அளவை விரலும் மணிக்கட்டும் கற்றுக்கொள்ள எத்தனையோ மாலைப் பொழுதுகள் தேவைப்படும். சீருடையும் பெயர்ப் பலகையுமாக மலேசியா முழுக்க இன்று இளைஞர்களின் உறுமிக் குழுக்கள் இருக்கின்றன. பெண் பிள்ளைகளும் மேளத்தைத் தோளில் மாட்டுகிறார்கள். ஒதுக்கி வைத்த வாத்தியத்தைத் தங்கள் அடையாளமாகத் தூக்கிக்கொண்டது இந்தத் தலைமுறை.

சத்தம் அதிகம், சினிமா மெட்டு கலக்கிறது என்ற புகார்கள் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் எழுகின்றன. கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனால் கட்டுப்பாடு வேறு, வாயைக் கட்டுவது வேறு. சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்குத் தடை இருந்தது; 2016-இல்தான் குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு மறுபடி வழி பிறந்தது. ஒரு தலைமுறைக்கும் மேலாக அங்கே ஊர்வலத்தில் அடங்கியிருந்த மேளம், தண்ணீர்மலைப் பாதையில் தொடர்ந்து ஒலித்ததால்தான் இங்கே பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

கடை போனது, கடைக்காரரும் போனார்

லிட்டில் இந்தியாவில் பினாங்கு ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் கேசட் கடைகள் நிறைந்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். கூரை வரை அடுக்கிய கேசட்டுகள். வாசலில் வைத்த ஒலிபெருக்கியில் புதுப் படப் பாட்டு. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிற அண்ணனுக்கு வாடிக்கையாளர் முகம் பார்த்தே பாட்டு எடுத்துத் தரத் தெரியும். இளையராஜா கேட்டு வந்தவரிடம் நாகூர் ஹனிபாவை நீட்டுவார். ஹனிபா கேட்டு வந்தவரிடம் கசல் ஒன்றை நீட்டுவார். “இதையும் கேட்டுப் பாருங்க, பிடிக்கலைன்னா கொண்டாந்து குடுங்க” என்பார். அதில் வியாபாரம் உண்டு. வியாபாரத்தைத் தாண்டிய ஆசையும் உண்டு.

இன்று அந்தத் தெருவில் பாட்டு நிற்கவில்லை. துணிக்கடை வாசலிலும் பூக்கடை வாசலிலும் ஒலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பாட்டை விற்கும் கடைகள் அருகிவிட்டன. அவற்றோடு போனது அந்த அண்ணனின் வாய்வார்த்தை. நம் ரசனைக்குப் பக்கத்தில் இருப்பதைச் செயலி நன்றாகவே காட்டும். “உனக்கு இது பழக்கமில்லை, ஆனாலும் நான் சொல்கிறேன், கேள்” என்று உரிமையோடு சொல்ல அதற்குத் தெரியாது.

தேடிப் போகிறவர்கள்

அதனால் இன்றைய பினாங்கில் பல இசை கேட்பது என்பது தேடிப் போகும் வேலை. தேடுகிறவர்களுக்கு ஊரும் வாசல் திறந்து வைத்திருக்கிறது.

பால் ஆகஸ்டின் இந்த ஊர் இசைக்காகப் பல்லாண்டாக உழைப்பவர். 2004-இல் பினாங்குத் தீவு ஜாஸ் விழாவைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1930-கள் முதல் 1960-கள் வரை பினாங்கில் ஒலித்த வெகுசன இசையைப் பற்றி ஜேம்ஸ் லாக்ஹெட்டோடு சேர்ந்து 2015-இல் ஒரு பெரிய நூல் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே கொம்தார் கட்டடத்தில் பினாங்கு ஹவுஸ் ஆஃப் மியூசிக் பிறந்தது. பழைய தட்டுகள், வானொலிப் பெட்டிகள், புகைப்படங்கள், வாய்மொழிப் பேட்டிகள் என்று அழிந்துபோக இருந்தவற்றைத் தேடிச் சேர்த்தார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யு.எஸ்.எம்.) தான் சூய் பெங், பங்சாவான் வரலாற்றை 1993-இல் நூலாக்கியவர். பொத்தேஹி என்ற சீனக் கைப்பொம்மைக் கூத்தை இன வேறுபாடு இல்லாமல் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்து மேடையேற்றியும் வருகிறார்.

தண்ணீர்மலைக்குப் பக்கத்திலேயே, தாவரவியல் பூங்காவை ஒட்டிய பழைய கல்குவாரித் திடலில், 2010-களில் பினாங்கு உலக இசை விழா நடந்தது. பாறைச் சுவர் பின்னணியில், முன்பின் கேட்டறியாத நாடுகளின் வாத்தியங்கள். ஜாலான் குருத்வாராவில் பழைய பேருந்து நிலையமாக இருந்த ஹின் பஸ் டெப்போ, 2014 முதல் கலைக்கூடமாகிப் புதுக் குழுக்களுக்கு இடம் தருகிறது. பாபிங்டன் சாலையில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் கர்நாடக இசையும் இந்துஸ்தானியும் ஒரே கூரையின் கீழ் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன.

தமிழ்ப் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. 2006-இல் யோகி பி - நட்சத்திரா ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தபோது, மலேசியத் தமிழ் ராப் கடல் கடந்து தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. சினிமாவுக்கு வெளியேயும் தமிழ்ப் பாட்டு உண்டு என்று இங்கிருந்து போன குரல் அது.

இனி செய்ய வேண்டியது

அன்று ஒரு பினாங்குக்காரருக்குக் கிடைத்த இசை குறைவு. ஆனால் அவர் தேர்ந்தெடுக்காததும் அவர் காதில் விழுந்தது. இன்று கிடைக்காத இசையே இல்லை. தேர்ந்தெடுக்காதது காதில் விழுவதில்லை. பழைய தெருவைத் திரும்பக் கொண்டுவர முடியாது, வேண்டியதும் இல்லை. அந்தத் தெரு செய்த வேலையைச் செய்ய வேறு ஏற்பாடு வேண்டும்.

வீட்டில் தொடங்கலாம். வாரத்தில் ஒரு மாலை காதுக்கருவிகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஆளுக்கொரு பாட்டை எல்லாரும் சேர்ந்து முழுக்கக் கேட்பது. தாத்தா டி.ஆர். மகாலிங்கத்தைப் போடட்டும், பேத்தி கொரியப் பாட்டைப் போடட்டும். நடுவில் தள்ளிவிடக் கூடாது என்பது ஒன்றே விதி. பழக்கமில்லாத இசையை மூன்று முறையாவது கேட்ட பிறகே பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். முதல் முறை அதன் அந்நியம் மட்டும்தான் தெரியும். இரண்டாம் முறை தாளம் பிடிபடும். பாட்டு கேட்கத் தொடங்குவது மூன்றாம் முறையில்தான். பக்கத்து வீட்டுச் சீன நண்பரிடம், வேலையிடத்து மலாய்த் தோழியிடம், “உங்கள் வீட்டில் என்ன பாட்டு ஓடும்?” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எந்தச் செயலியும் தராத பட்டியல் கைக்கு வரும்.

அடுத்தது பள்ளிக்கூடம். பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளை ராம்லி வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். போரியாப் பாட்டுக்காரர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்து, அவர் முன்னால் பிள்ளைகளையே நாலு வரி கட்டச் சொல்லலாம். உறுமிக் குழு அண்ணன்களை அழைத்து மேளத்தைப் பிள்ளைகள் தோளில் மாட்டிப் பார்க்க விடலாம். இதற்குப் பெரிய செலவில்லை. மனம் இருந்தால் போதும்.

போரியா வேரூன்றிய ஊரில், ராம்லி பிறந்த ஊரில், ஆலிகேட்ஸ் பாடத் தொடங்கிய ஊரில் வளரும் ஒரு பிள்ளைக்கு இவை எதுவுமே தெரியாமல் போனால், பழியைக் கைப்பேசியின் மேல் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. கேட்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அன்று தெரு ஏற்றது. இன்று அது பெற்றோருடையது, ஆசிரியருடையது, கொஞ்சம் முன்னால் பிறந்து கொஞ்சம் அதிகம் கேட்டுவிட்ட ஒவ்வொருவருடையதும் ஆகும்.